ஏழாவது மாடித் தண்ணீர்

சிராங்கூன் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் அந்த அரசாங்க அலுவலகக் கட்டடத்தில், ஊழியர்கள் மிச்சப்படுத்திய தண்ணீரெல்லாம் ஏழாவது மாடியில் வந்து நின்றது. முதலில் கணுக்கால் அளவு நின்றது. ஆண்டு முடிவதற்குள் முழங்காலைத் தொட்டது. கீழே ஆறாவது மாடியின் கூரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மின்தூக்கி ஏழில் நின்று கதவு திறந்தால், தண்ணீர் வாசலோடு நின்றுகொண்டது, உள்ளே இருப்பவர்கள் முதலில் இறங்கட்டும் என்று ரயில் மேடையில் ஒதுங்கி நிற்பவர்களைப் போல. தேக்கா சந்தையில் அந்த வாரம் முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது. அலுவலகத்தில் இரண்டைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பேசினார்கள்.

அந்தக் கட்டடத்தில் இருந்த துறையின் வேலை, இறந்துபோனவர்களின் பெயரைப் பத்திரங்களிலிருந்து எடுத்துவிட்டு, இருப்பவர்களின் பெயரைப் போடுவது. வேலை சுருக்கமானது, வரிசைதான் நீளம். தொற்றுக்காலத்துக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டதால் ஏழாவது மாடி காலியானது. மேசைகளை வேறு கிடங்குக்கு அனுப்பினார்கள். கம்பளத்தையும், சக்கரம் உடைந்த சில நாற்காலிகளையும், ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையையும் விட்டுவிட்டார்கள். பின்னால் தண்ணீர் வந்தபோது அந்தப் பலகையை மதித்தது. ஒரு அலைகூட எழும்பவில்லை.

தண்ணீர்க் கட்டணம் ஏறிய ஆண்டில்தான் இது தொடங்கியது. அரசாங்கக் கட்டடங்கள் எல்லாம் நீர்ப் பயன்பாட்டைக் குறைக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். எவ்வளவு என்றும் சொன்னார்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குறைத்துக் காட்டுவோம் என்றார் இயக்குநர். சொன்னதை மட்டும் செய்யும் இயக்குநர்கள் அடுத்த பதவிக்குப் போவதில்லை. சிறந்த கட்டடத்துக்கு ஒரு விருதும் உண்டு என்பது கூட்டத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்லப்பட்டது. பொறுப்பு, கட்டடப் பராமரிப்பு மேலாளர் கண்மணியிடம் வந்தது.

கண்மணி ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஆங் மோ கியோவில் கணவர் ஆதவனோடும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ரக்ஷனாவோடும் இருந்தார். ஒரு வேலையை அவரிடம் கொடுத்தால், அந்த வேலை மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அவர் குழாய்களின் வாய்க்குள் தடுப்பு வளையங்களைப் பொருத்தினார். கழிப்பறைத் தொட்டிகளில் சின்னப் பொத்தானைப் பெரிதாகவும் பெரிய பொத்தானைச் சின்னதாகவும் மாற்றினார். தொட்டிச் செடிகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் செடிகளை வைத்தார். கண்ணாடிகளில் நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் வாசகம் ஒட்டினார். தமிழை மட்டும், எழுத்துப் பிழையால், மூன்று தடவை கிழித்து ஒட்டவேண்டியிருந்தது. ‘ஒவ்வொரு துளியும் நம் துளி’ என்று அச்சிட்ட குவளை ஆளுக்கு ஒன்று வழங்கப்பட்டது. கைகழுவும் குழாயில் தண்ணீர் நூல்போல இறங்கியது. முகப்புக் கூடத்தின் மேற்பார்வையாளரும் கண்மணியின் நெடுநாள் தோழியுமான நூருன்னிசா, அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “ஊசி இருந்தா கொண்டா, கோத்துடலாம்,” என்றார்.

மீட்டர் இறங்கியது. இயக்குநர் மகிழ்ந்து, வீட்டில் மிச்சப்படுத்துவதும் துறையின் கணக்கில் சேரும் என்று அறிவித்தார். ஊழியர்கள் எல்லாரும் மண்டபத்தில் கூடி, வலது கையை உயர்த்தி, வீட்டிலும் சிக்கனமாக இருப்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். பெரும்பாலோர் கையை இறக்கியதும் மறந்துபோனார்கள். கண்மணி மறக்கவில்லை.

ஆதவன் பூன் லே பக்கம் ஒரு பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். அவருக்குத் தண்ணீர் விஷயத்தில் கை தாராளம். தைப்பூசத்தன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, சிராங்கூன் சாலை ஓரமாக நின்று, வெறுங்காலோடு நடந்துவருகிறவர்களின் பாதத்துக்கு வாளி வாளியாக ஊற்றுவார். சின்ன வயதிலிருந்தே ரக்ஷனா பக்கத்தில் நின்று வாளி எடுத்துக்கொடுப்பாள். காவடி எடுத்தவர்கள் நனைந்ததைவிட அவர்கள் இருவரும் அதிகம் நனைந்து வீடு திரும்புவார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் தலையில் ஒரே இடத்தில் இரட்டைச் சுழி. எந்தச் சீப்புக்கும் அடங்காத முடி. அந்த முடியைக் காரணம் காட்டி ஆதவன் தினமும் செம்பருத்தி ஷாம்பு போட்டு, வெந்நீரைத் திறந்துவிட்டு, பழைய பாட்டுகளை முழுதாகப் பாடி முடிக்கும்வரை குளிப்பார். கண்மணி குளியலறைச் சுவரில் ஒரு மணற்கடிகாரத்தை ஒட்டினார். மணல் இறங்கியதும் குழாயை மூடவேண்டும் என்பது ஏற்பாடு. ஆதவன் அதைத் திருப்பித் திருப்பி வைத்துக் குளித்தார்.

வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் தண்ணீர்க் குழாயின் தலைத்திருகு, வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில், மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். உறுதிமொழி எடுத்த மறுமாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, ஆதவன் இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது, கண்மணி வெளியே போய் அந்தத் திருகை மூடினார். உள்ளே பாட்டு நின்றது.

“கண்மணி, தலை முழுக்க நுரை லா.”

“துண்டு இருக்கு, தொடச்சிக்குங்க.”

“கண்ணு எரியுது.”

“எரிஞ்சாதான் நாளைக்கு ஞாபகம் இருக்கும்.”

மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ரக்ஷனா வாயில் இருந்ததைத் துப்பிவிடும் அளவுக்குச் சிரித்தாள். ஆதவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அரசாங்கத்தை எதிர்த்து யாரால் என்ன செய்ய முடியும் என்று கூரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மதியம் பணிமனையில் ஒரு பேருந்துக்கு அடியில் குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். மருத்துவமனையில் கண்மணியும் ரக்ஷனாவும் போய் நின்றபோது, அவருடைய இடது காதுக்குப் பின்னால் ஷாம்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை இருவரும் பார்த்தார்கள். இருவரும் பார்த்தது இருவருக்கும் தெரிந்தது.

கண்மணிக்கு அழுகை வரவில்லை. மருத்துவமனையில் வரவில்லை, மண்டாயில் தகன மண்டபத்தில் பெட்டி நகர்ந்து உள்ளே போனபோதும் வரவில்லை. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியதே தவிர, ஈரம் கசியவில்லை. ஆதவனின் அக்கா விசாலாட்சி புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்து பதினாறாம் நாள்வரை இருந்தார். எல்லாருடைய முகத்தையும் கவனிப்பது அவர் பழக்கம். அடுப்படியில் யாரிடமோ, “ஒரு சொட்டு, சும்மா பேருக்கு ஒரு சொட்டு, வந்துச்சா பாரேன்,” என்று அவர் சொன்னது கூடம்வரை கேட்டது. ரக்ஷனா எழுந்து வந்து தாயின் முன்னால் நின்றாள். அவளுடைய முகம் வீங்கியிருந்தது.

“அதையும் மிச்சம் புடிச்சிட்டீங்களாம்மா?” என்றாள்.

அன்றைக்கே அத்தையோடு புக்கிட் பாஞ்சாங் போய்விட்டாள். அதன் பிறகு மாதங்கள் போயின. கண்மணி அனுப்பிய குறுஞ்செய்திகளுக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. பிறந்தநாளுக்கு வாங்கிக்கொண்டுபோன கேக்கை விசாலாட்சி வாசலிலேயே வாங்கிக்கொண்டார். உள்ளே ரக்ஷனாவின் செருப்பு இருந்தது. கண்மணி லிஃப்டில் இறங்கி, புளோக்கின் கீழ்த்தளத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினார். வீட்டில் குளியலறை மணற்கடிகாரம், கடைசியாகத் திருப்பியபடியே, மணல் முழுக்கக் கீழே இறங்கி நின்றது. தண்ணீர்க் கட்டணம் அவர் வாழ்க்கையில் பார்த்திராத அளவுக்குக் குறைவாக வந்தது.

இந்த நாட்களில்தான் ஏழாவது மாடி கவனத்துக்கு வந்தது. அங்கே ஆள் நடந்தால் மட்டும் எரியும் விளக்குகள், ஆளில்லாமலே எரிந்தன. காவலாளி ஜாஃபர் காலைச் சுற்றுக்குப் போனவர், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்மணியின் அறை வாசலில் வந்து நின்றார்.

“மேடம், ஏழாவது மாடியில தண்ணி நிக்குது.”

“எங்க ஒழுகுது?”

“ஒழுகல மேடம். சும்மா நிக்குது. நமக்குத்தான் காத்திருக்கிற மாதிரி.”

குழாய் பார்ப்பவர்கள் வந்து பார்த்தார்கள். குழாயில் குறையில்லை. தண்ணீரைப் பரிசோதித்தவர்கள் குடிக்கலாம் என்றார்கள். பொறியாளர்கள் தூண்களில் கருவிகளை மாட்டிப் பார்த்துவிட்டு, மேலே எந்தப் பாரமும் இருப்பதாகத் தூண்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். செலவழிக்காத தண்ணீருக்கு எடை இல்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது. இறைக்கும் இயந்திரம் வைத்துச் சாக்கடைக்கு விட்டுப் பார்த்தார்கள். போன தண்ணீர் மதிய உணவு முடிவதற்குள் திரும்பி வந்தது. மின்தூக்கியில் வந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். யாரையும் இடிக்காமல் ஓரமாக நின்று வந்ததாம்.

இயக்குநருக்கு வருத்தமே இல்லை. மற்றத் துறைகள் மிச்சப்படுத்தியதை வரைபடமாகத்தான் காட்டமுடியும், நாம் தொட்டுக் காட்டலாம் என்றார். பிறகு, தொட்டால் பயன்படுத்தியதாக ஆகிவிடும், பயன்படுத்தினால் மிச்சமாகாது என்று அவருக்கே தோன்ற, விருதின் நடுவர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று உத்தரவிட்டார். கண்மணி அறிவிப்பை எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, மின்தூக்கிக்கு எதிரே ஒட்டினார்.

அறிவிப்பை முதலில் மீறியவர் நூருன்னிசா. அவர் நண்பகல் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வது ஆறாவது மாடிக் கழிப்பறையின் நூல் குழாயில். கை நனைவதற்குள் முகம் காய்ந்துவிடும். ஒருநாள் பொறுமை போய் ஒரு மாடி ஏறினார். மின்தூக்கிக் கதவு திறந்ததும், தண்ணீரில் ஒரு பகுதி மட்டும் கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் விலகி அவரிடம் வந்தது. கையில் எடுத்தார், கையில் தங்கியது. வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் எல்லாம் முடிந்ததும் அந்தத் தண்ணீர் தானாகப் போய், தேநீர் தயாரிக்கும் பேன்ட்ரியின் தரைச் சல்லடைக்குள் இறங்கியது. திரும்பி வரவில்லை. நூருன்னிசா தொழுகையை முடித்துக்கொண்டு நேராகக் கண்மணியிடம் போனார்.

“உன் நோட்டீஸைப் படிச்சேன். நல்லா எழுதியிருந்த. படிச்சிட்டுத்தான் தொட்டேன்.”

“நூரு, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அது என் ஒளுத் தண்ணி. இத்தனை மாசமா நீ என்கிட்டேருந்து புடிச்சு வெச்சது. எனக்குத் தெரியாதா?” நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “கேளு. அந்தத் தண்ணி எதுக்குன்னு ஓடவேண்டியதோ, அதுக்குத்தான் போகுது. சாக்கடைக்குன்னு வந்த தண்ணி இல்ல அது, அதான் சாக்கடைக்குப் போகமாட்டேங்குது.”

நூருன்னிசா சொன்னது சரியாக இருந்தது. செய்தி மாடி மாடியாக, யாரும் சொல்லாமலே பரவியது. ஊழியர்கள் ஒவ்வொருவராகக் குவளையோடு மேலே போய் வந்தார்கள். கோப்பிக்கென்று இருந்த தண்ணீர் கோப்பிக்கு வந்தது, தேநீருக்கு வரமறுத்தது. செடிகளுக்கான தண்ணீரை ஒருவர் பிளாஸ்டிக் செடிக்கு ஊற்றிப் பார்த்தார். அது இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏழாவது மாடிக்கே திரும்பிப் போனது.

கண்மணி ஒரு மதிய இடைவேளையில், காலணியைக் கழற்றி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். ஓரிடத்தில் கோப்பி வாசம். ஓரிடத்தில் கைகழுவும் சோப்பு வாசம். ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாத, குழாயைச் சும்மா திறந்துவிட்டுப் போனில் பேசுகிறவர்களின் தண்ணீர். ரேஸ்கோர்ஸ் சாலையின் கூரைகள் தெரியும் கோடி ஜன்னலுக்குக் கீழே, ஒரு குளியலறை அளவுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே லேசாக ஆவி. செம்பருத்தி ஷாம்பு வாசம். கண்மணி அங்கேயே நின்றார். வீட்டில் மிச்சப்படுத்துவதும் துறையின் கணக்கில் சேரும் என்று இயக்குநர் சொன்னதைத் தண்ணீர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை ஆதவனின் தலையைக் கழுவி இறங்கியிருக்கவேண்டிய தண்ணீர் அது. சூடு குறையாமல் நின்றது.

அந்த வெந்நீரின் ஓரமாக, ஒட்டியும் ஒட்டாமலும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் தனியாக நின்றது. அதிகமில்லை, ஒரு குவளைக்குள் அடங்கும். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வெந்நீரை அள்ளித் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். தலை நனையவில்லை. பாட்டிலில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார். ஆதவனின் படத்துக்கு முன்னால் மூடியைத் திறந்தபோது பாட்டில் காலியாக, உலர்ந்து இருந்தது. மறுநாள் அது கோடி ஜன்னலடியில் அதே சூட்டோடு நின்றது. அதற்குப் பிறகு கண்மணி தினமும் மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு மேலே போய் அதன் பக்கத்தில் நின்றார். ஜாஃபர் அந்த நேரத்தில் சுற்றை ஆறாவது மாடியோடு முடித்துக்கொண்டார்.

துறைக்கு அதன் வேலை இருந்தது. இறந்தவர் ஆதவனின் பெயரை ஆங் மோ கியோ வீட்டிலிருந்து எடுத்து, மகளின் பெயரைச் சேர்ப்பதற்காக, வரிசை முறைப்படி ரக்ஷனாவுக்கும் அழைப்பு போயிற்று. விருதின் நடுவர்கள் வருவதற்கும் அதே நாள் காலைதான் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு துறையில் இரண்டு நாட்குறிப்புகள் இருந்தால் இப்படித்தான் ஆகும். ரக்ஷனா வந்து முகப்பில் உட்கார்ந்தாள். முடி வெட்டப்படாமல், இரட்டைச் சுழி ஒரு பக்கம் கொம்புபோல் நின்றது. நூருன்னிசா அவளைத் தன் மேசைக்கே கூப்பிட்டார்.

“வாப்பா தலைதான் உனக்கு, அப்படியே வந்திருக்கு,” என்றார். “பேர் மாத்தறது ஒரு நிமிஷ வேலைதான். அதுக்கு முன்னாடி ஏழாவது மாடிக்குப் போயிட்டு வா.”

“அங்க என்ன ஆன்ட்டி?”

“உங்கம்மா.”

“நான் சைன் பண்ணிட்டுப் போறேன், ஓகே? அவங்களப் பாக்க வரல.”

“பாக்காத. தண்ணியப் பாரு. நீ போகாம நான் பேரை மாத்தமாட்டேன். போய் டைரக்டர்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணு, அவரும் மேலதான் வரப்போறார்.”

மேலே கண்மணி அப்போது நடுவர்களுக்காக அறிவிப்பின் சுருண்ட மூலையை ஒட்டிக்கொண்டிருந்தார். மின்தூக்கியிலிருந்து மகள் வருவதைப் பார்த்து, ஒட்டுநாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ரக்ஷனா தண்ணீரைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

“என்னம்மா இது, இவ்ளோ தண்ணி.”

“மிச்சம் பண்ணது.”

“குட். அவார்டு குடுப்பாங்க.”

“இன்னிக்குத்தான் வர்றாங்க.”

“அப்ப நான் இடைஞ்சல்.”

“கோடி ஜன்னல்கிட்ட ஒரு தடவை போய் நில்லு, ரக்ஷு. நின்னுட்டு அப்புறம் போ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

ரக்ஷனா காலணியைக் கழற்றாமலே இறங்கினாள். கம்பளம் அடியில் சேறுபோல் மெத்தென்றிருந்தது. பாதி தூரத்தில் அவளுடைய நடை மெதுவானது. வாசம் வந்திருக்கவேண்டும். ஜன்னலடியில் போய் நின்று, குனிந்து, கையை விட்டாள். வெந்நீர் அவளுடைய விரல்களைச் சுற்றிக்கொண்டது, அவள் நிமிர்ந்தபோது மணிக்கட்டுவரை ஏறிவந்தது. கண்மணியிடம் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

“அப்பாவோடது,” என்றாள் ரக்ஷனா.

“அன்னிக்குக் காலையில நான் மூடினது. யார் தலையிலயும் நிக்கமாட்டேங்குது. நான் ஊத்திப் பாத்தேன். என் தலையில நிக்கல.”

ரக்ஷனா தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“நானும் சிரிச்சேன்மா அன்னிக்கு,” என்றாள். “வாய்விட்டுச் சிரிச்சேன். நீங்க மூடினீங்க, நான் சிரிச்சேன். அப்பா அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டுத்தான் போனார். உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு அது கேக்குது. அதான் வரல.”

கண்மணி சக்கரம் உடைந்த நாற்காலி ஒன்றைத் தண்ணீருக்குள் இழுத்துவந்து ஜன்னலடியில் போட்டார். ரக்ஷனா முதலில் அதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, சின்ன வயதில் செய்வதுபோல், தலையை முன்னால் கவிழ்த்துக்கொண்டாள். ஊற்றுவதற்கு வேறு பாத்திரம் இல்லாததால் கண்மணி, யாரோ ஜன்னல் விளிம்பில் விட்டுப்போயிருந்த ‘ஒவ்வொரு துளியும் நம் துளி’ குவளையை எடுத்தார். ஊற்றினால் மிச்சம் குறையும், நடுவர்கள் வந்து கேட்டால் அறிவிப்பில் இருக்கும் கையெழுத்துக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முகந்து, இரட்டைச் சுழியின்மேல் ஊற்றினார்.

தலை நனைந்தது. ரக்ஷனாவின் முடியில் ஷாம்பு எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் இரண்டாவது குவளைக்கு நுரை கிளம்பியது, வெள்ளை வெளேரென்று, கழுத்துவரை. கண்மணி ஊற்ற ஊற்ற நுரை இறங்கியது. இடது காதுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது போனபின்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஓரமாக நின்ற உப்புத் தண்ணீர் எழுந்து, எந்தச் சத்தமும் இல்லாமல், போகவேண்டிய இடத்துக்குப் போனது. கண்மணி அழுதார். மாதக்கணக்கில் நின்றது ஒரே நேரத்தில் வந்ததால் அவருக்கு நிற்க முடியவில்லை. மகளின் ஈரத்தலைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். குவளையை மட்டும் கீழே விடவில்லை.

“ஊத்துங்கம்மா,” என்றாள் ரக்ஷனா, குனிந்தபடியே. “இன்னும் இருக்கு. கண்ணு எரியுது.”

இந்த நேரத்தில்தான் மின்தூக்கி ஏழில் நின்றது. இயக்குநரும் நடுவர்கள் மூவரும் உள்ளே இருந்தார்கள். அழுதுகொண்டே ஒரு பெண் வளர்ந்த மகளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருப்பதையும், எதிரே சுவரில் அதே பெண்ணின் கையெழுத்தோடு ‘தொடாதீர்’ என்று ஒட்டியிருப்பதையும் பார்த்தார்கள். தண்ணீர் வழக்கம்போல் வாசலோடு நின்று அவர்கள் இறங்க வழிவிட்டது. யாரும் இறங்கவில்லை. நடுவர்களில் மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பொத்தானை யாரும் அழுத்தாததால் கதவு தன் நேரத்துக்குத் தானாகவே மூடிக்கொண்டது. வெந்நீர் முழுவதையும் ஊற்றி முடித்தபோது, அது நுரையோடு சேர்ந்து பேன்ட்ரிச் சல்லடைக்குப் போய் இறங்கியது. கட்டடம் தொண்டையைச் செருமியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. போன தண்ணீர் திரும்பி வரவில்லை.

விருது அந்த ஆண்டு வேறொரு கட்டடத்துக்குப் போனது. அங்கே வரைபடம் நன்றாக இருந்ததாம். இயக்குநர் கண்மணியை அழைத்து, நிகழ்ந்ததைப் பற்றி ஒரு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். அவர் எழுதித் தந்ததைப் படித்துவிட்டு, இனி ஏழாவது மாடித் தண்ணீரை அவரவர் எடுத்துக்கொள்ளலாம், வேலை நேரத்தில் வேண்டாம் என்றார். அதற்கு அடுத்த வாரம் அவரே ஒருநாள் மேலே போனதாகவும், வரும்போது சட்டைக் கை நனைந்திருந்ததாகவும் ஜாஃபர் சொல்கிறார். கேட்டதற்கு, கை கழுவினேன் என்றாராம்.

மீட்டர் இன்னும் குறைவாகத்தான் ஓடுகிறது. மிச்சமாகும் தண்ணீர் இப்போதும் ஏழாவது மாடியில்தான் வந்து நிற்கிறது. உரியவர்கள் எடுத்துக்கொள்வதால் முழங்காலுக்கு மேல் ஏறுவதில்லை. எடுத்துக்கொள்ள ஆளில்லாத தண்ணீரை, எதற்கும் போகாமல் நின்றதை, தைப்பூசத்தன்று ரக்ஷனா வாளியில் பிடித்துச் சாலைக்குக் கொண்டுபோய் நடப்பவர்களின் பாதத்துக்கு ஊற்றிப் பார்த்தாள், அது போனது. முதலில் யாருக்காகப் புறப்பட்டதோ அவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், அல்லது தண்ணீருக்கே சலித்திருக்கலாம். மின்தூக்கியில் மற்ற மாடிகளுக்கு நேரே பிரிவுகளின் பெயர்கள் இருக்கின்றன. ஏழுக்கு நேரே ‘தண்ணீர்’ என்று நான்கு மொழிகளிலும் பொறித்திருக்கிறார்கள். தமிழில் முதல் தடவையே சரியாக வந்துவிட்டது.

ரக்ஷனா ஆங் மோ கியோவுக்குத் திரும்பி வந்துவிட்டாள். கத்திரிக்கப்படாத அந்த முடியோடு தினமும் காலையில் குளிக்கிறாள், அப்பா பாடிய பாட்டைச் சொல் தப்பும் மெட்டுத் தப்புமாகப் பாடுகிறாள், மணற்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள். இரண்டாவது பாட்டு தொடங்கும்போது கண்மணி கதவைத் திறந்து தாழ்வாரத்துக்குப் போய், மீட்டர் பெட்டிக்குள் கையை விட்டு, திருகு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார். திறந்துதான் இருக்கும். பெட்டியை மூடிவிட்டு உள்ளே வந்து ரொட்டி சுடுகிறார்.